வெறுங்காலின் வரைபடம்

1

திருவண்ணாமலை மலையைச் சுற்றிவரும் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் அதைச் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். அந்த ராத்திரிக்கு வெறுங்கால் புண்ணியம். நடந்து முடித்ததும் கழற்றிப்போட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு ஊர் திரும்பலாம்.

இதே மாவட்டத்து மண்ணுக்கு இன்னொரு வெறுங்காலையும் தெரியும். அது வேண்டுதலுக்காக நடந்த கால் அல்ல. ஊர்த்தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்ட கால். செருப்பே இல்லாததால் கழற்றவேண்டிய தேவையும் இல்லாத கால். எங்கள் ஆயா சாகிறவரைக்கும் செருப்பு போட்டதில்லை. ஏன் ஆயா என்று கேட்டால், "போட்டா கால் கூசுதுடா" என்று சொல்லும். தலைமுறை தலைமுறையாக 'போடாதே' என்று சொல்லப்பட்ட ஒன்றைக் கால் கூச்சமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது.

இந்த வெறுங்காலை நாம் அவமானத்தின் வரலாறாக நிறைய எழுதியிருக்கிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் அது உடம்பின் வரலாறும்கூட. ரத்தத்தின் வரலாறு. மண்ணிலிருந்து காலுக்கு ஏறிய ஒன்று எத்தனை பிள்ளைகளை வெளிறவைத்தது, எத்தனை பேரைப் பள்ளிக்கூடத்துக் கடைசி பெஞ்சில் தூங்கவைத்தது என்ற வரலாறு. இன்றைக்கு அந்த மண்ணைக் கணினியில் வரைபடமாக்கிப் பார்க்கிற வேலை நம் மாவட்டத்திலேயே, ஜவ்வாது மலையில் நடந்திருக்கிறது. அந்த வரைபடத்தை யார் எப்படி வாசிக்கப்போகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

கொக்கிப்புழு என்று பெயர். ஒரு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். மனிதனின் சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதன் முட்டை மலத்தோடு வெளியே வருகிறது. நிழலும் ஈரமும் சூடும் உள்ள மண்ணில் ஒன்றிரண்டு நாளில் பொரிக்கிறது. ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு ஒரு காலுக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறது. வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். துளைத்த இடத்தில் அரிக்கும். விரல் இடுக்கில் வருகிற அந்த அரிப்பைச் சேற்றுப்புண் என்று நினைத்து நம் வீடுகளில் மஞ்சளை அரைத்துப் பூசுவார்கள். அது வெளியே. உள்ளே போனது ரத்தத்தோடு நுரையீரலுக்கு ஏறி, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, குடலுக்கு வந்து சேர்ந்துவிடும். அங்கே சில ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கும்.

தோல் வழியாகத்தான் இது நுழைகிறது என்று கண்டுபிடித்தவர் எகிப்தில் வேலை பார்த்த ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானியர். 1898ல், புழுக்குஞ்சு இருந்த நீர் தவறிக் கையில் சிந்தியபோது அவருக்கு அது தெரியவந்தது. அதுவரைக்கும் வாய் வழியாகத்தான் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு புழு குடிக்கிற ரத்தம் ரொம்பக் கொஞ்சம். ஒரு துளியைவிடக் குறைவு. ஆனால் ஒரு வயிற்றில் ஒரு புழுவோடு நிற்பதில்லை. கஞ்சியும் களியும் மட்டும் கிடைக்கிற வயிற்றில் போகிற ரத்தத்தை ஈடுகட்ட இரும்புச்சத்தும் இருப்பதில்லை. பிள்ளை வெளிறிப்போகும். மூச்சு வாங்கும். பாடத்தில் கவனம் நிற்காது. இன்னொன்றும் நடக்கும். ரத்தசோகை முற்றிய பிள்ளைக்கு மண் தின்னும் வேட்கை வருகிறது. எங்கள் தெருவில் 'மண்ணுதின்னி' என்று பட்டப்பெயர் வாங்காத வீடு ஏது? சுவரைச் சுரண்டித் தின்றதற்காக வாயில் சூடு வைத்த தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாயும் வெளிறித்தான் இருப்பாள். பிள்ளை தின்கிற மண்ணோடு வேறு புழுக்களின் முட்டையும் வயிற்றுக்குள் போகும். வட்டம் இப்படித்தான் சுற்றுகிறது.

1902ல் அமெரிக்காவில் சார்லஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி தென் மாநிலங்களின் ஏழைகளிடம் இந்தப் புழு பரவிக்கிடப்பதைச் சொன்னபோது, பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பேறித்தனத்தின் கிருமி' என்று பெயர் வைத்தன. கேலியாகத்தான் வைத்தார்கள். ஆனால் அதில் ஓர் உண்மை வெளிப்பட்டது. அதுவரை அந்த ஏழைகளைப் பிறவிச் சோம்பேறிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் இல்லாததுதான் சோம்பேறித்தனமாகத் தெரிந்திருக்கிறது. நம்மூரில் அந்தக் கேலிகூட நடக்கவில்லை. "சேரிப்பசங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று வகுப்பில் சொன்ன வாத்தியார்களிடம் நானும் படித்திருக்கிறேன். எது ஏறவில்லை, எது ஏறியது என்று அவர்கள் யாரும் காலைக் குனிந்து பார்க்கவில்லை.

3

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்று போகும் அந்தப் பட்டியலில், வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது என்பதும் உண்டு. எழுதி அறிவித்தது அங்கே. எழுதாமலே நடந்தது தமிழ்நாடு முழுக்க.

இந்தச் செருப்பைத் தைத்தவர்கள் யார்? செத்த மாட்டை இழுத்து, தோலை உரித்து, பதமாக்கி, அறுத்துத் தைத்தவர்கள் நம் ஆட்கள். தைத்த கைக்குச் சொந்தமான காலுக்குத்தான் அது ஊர்த்தெருவில் தடை. விதியைப் போட்டவர்களுக்குப் புழுவைப் பற்றித் தெரியாது. தெரிந்திருக்கத் தேவையுமில்லை. ஒரு சாதியின் கால்களை மண்ணோடு ஒட்டவைத்தால் போதும். மீதி வேலையை மண் பார்த்துக்கொண்டது.

கால் ஒரு பக்கம். மலம் இன்னொரு பக்கம். நிலம் இல்லாதவனுக்கு ஒதுங்கவும் நிலம் இல்லை. ஏரிக்கரை, ஓடைக்கரை, ரோட்டோரம், ஊர்க்காரன் கொல்லை வரப்பு. போன இடத்துக்கே எல்லாரும் போகவேண்டும். ஒரே நிழலில், ஒரே ஈரத்தில், ஒரே ஒற்றையடிப்பாதையில். புழு வளர இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் திட்டம்போட்டுச் செய்துவிட முடியாது. ஊருக்கு மேடும் சேரிக்குப் பள்ளமும் கொடுத்ததால் மழை பெய்தால் ஊரில் இருந்து வழிந்ததும் அங்கேதான் வந்து நின்றது.

4

புழுவை ஒழிக்கிறோம் என்று வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பணத்தில் 1909ல் தொடங்கிய இயக்கம் தென் மாநிலங்களில் பிள்ளைகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 100க்கு 40 பேருக்குப் புழு இருந்தது. மாவட்டவாரியாகக் கணக்கெடுத்தார்கள். அங்கிருந்து அந்த இயக்கம் உலகம் சுற்றப் புறப்பட்டது. நம்மவர்களை அது முதலில் சந்தித்த இடங்களில் ஒன்று இலங்கைத் தேயிலைத் தோட்டம்.

1916ல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் வேலை ஆரம்பித்தார்கள். அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து, வட ஆற்காட்டிலிருந்தும்தான், பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பிக் கடல் தாண்டியவர்கள். அவர்களில் பெரும்பகுதி நம் சனங்கள். சோதித்துப் பார்த்தால் 100க்கு 90 பேருக்கு மேல் புழு. லயத்தில் கக்கூஸ் கிடையாது. தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே ஒதுங்கி, அங்கேயே வெறுங்காலோடு நாள் முழுக்க நின்று கொழுந்து கிள்ளவேண்டும்.

வைத்தியமாகக் கொடுத்தது கெனோபோடியம் என்ற எண்ணெய். அளவு கூடினால் ஆளைக் கொல்லக்கூடிய மருந்து. அதைக் குடித்தவர்களுக்குப் புழு விழுந்தது. ஆனால் கக்கூஸ் கட்டச் செலவு செய்யத் தோட்டத் துரைமார்களுக்கு மனசு வரவில்லை. கூலி வேலைக்குத் தெம்பாக எழுந்து நின்றால் போதும், மண் எப்படிப் போனால் என்ன என்பது அவர்கள் கணக்கு. மண் மாறாததால் புழு திரும்பவும் ஏறியது. திரும்பவும் எண்ணெய்.

இந்தியாவில் 1920களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் வேலை பார்த்த ஆசா சாண்ட்லர் என்ற அமெரிக்கர், எந்தப் பகுதியில் எவ்வளவு புழு, அங்கே மழை எவ்வளவு, மண் எப்படி என்று நாடு தழுவி ஆராய்ந்து 1926 முதல் 1928 வரை எழுதினார். பெரிய உழைப்பு. ஆனால் அந்த அளவில் பார்க்கும்போது ஒரு மாவட்டமே ஒரு புள்ளிதான். ஒரு மாவட்டத்துக்குச் சராசரி போட்டால் அக்ரகாரமும் சேரியும் ஒரே எண்ணுக்குள் போய்விடும். சராசரிக்குச் சாதி தெரியாது.

5

வரைபடம் என்பதே நமக்குப் பழக்கமான பொருளல்ல. நம்மை அளந்தார்கள், நாம் அளந்ததில்லை. 1802ல் பரங்கிமலைப் பக்கம் லாம்டன் அடிக்கோடு போட்டுத் தொடங்கிய அளவை, இந்தியா முழுக்கப் போய் இமயமலை உயரம்வரை அளந்தது. அதற்குப் பின்னால் வந்த வருவாய்த்துறை அளவை ஒவ்வொரு வயலையும் எண் போட்டுப் பிரித்தது. கிராம வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். புஞ்சை, நஞ்சை, ஏரி, வாய்க்கால், கல்லு, கிணறு எல்லாம் இருக்கும். வரி வருகிற இடமெல்லாம் நுணுக்கமாக இருக்கும். வீடுகள் இருக்கிற நத்தம் மட்டும் ஒரு வெற்றுக் கட்டம். அங்கே வரி இல்லை, அதனால் உள்ளே அளக்க அவசியம் வரவில்லை. அந்தக் கட்டத்துக்குத் தள்ளி இன்னொரு சின்னக் கட்டம் இருக்கும். பழைய பதிவேடுகளில் 'பறைச்சேரி நத்தம்' என்றே எழுதியிருப்பார்கள்.

அரசாங்கம் தொட்டால் தீட்டு பார்க்காது என்று சொல்லிக்கொண்டே தீட்டுக்கோட்டைச் சர்வே எண்ணாக மாற்றி வைத்திருந்தது என்பதற்கு அந்தச் சின்னக் கட்டமே சாட்சி. அதற்குள் எத்தனை வீடு, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே ஒதுங்குகிறார்கள் என்று எந்த வரைபடத்திலும் கிடையாது.

6

அந்த வெற்றுக் கட்டத்துக்குள் புள்ளி வைக்கிற காலம் வந்திருக்கிறது. புவியியல் தகவல் முறைமை என்று சொல்கிறார்கள், ஜி.ஐ.எஸ். என்று சுருக்கம். பெயரைக் கேட்டு மலைக்கவேண்டாம். கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதைப் போன்ற வேலைதான். ஒரு தாளில் வீடுகள். ஒரு தாளில் தண்ணீர்க்குழாய். ஒரு தாளில் மண்வகை, மேடு பள்ளம். ஒரு தாளில் யாருக்கு நோய் இருக்கிறது. அடுக்கித் தூக்கிப் பிடித்தால் எது எதன்மேல் விழுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். காகிதத்தில் செய்தால் நூறு வீட்டோடு கை ஓய்ந்துவிடும். கணினி லட்சம் வீட்டுக்குச் செய்யும்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலையில் இதைச் செய்தார்கள். நம் மாவட்டத்தின் மேற்கே, போளூர் தாண்டி ஏறினால் ஜமுனாமரத்தூர். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பெயருள்ள பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆண்டவர்கள். 2013ல் வெளிவந்த ஆய்வில் பத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்கு மண்வழிப் புழுத்தொற்று இருந்தது, பெரும்பகுதி கொக்கிப்புழு. நூறு வருசத்துக்கு முன்னால் அமெரிக்கத் தென் மாநிலங்களில் ராக்ஃபெல்லர் ஆட்கள் எண்ணிய அதே கணக்கு. அவர்கள் அதைக் கடந்து போய்விட்டார்கள். ஜவ்வாது மலைப் பிள்ளைகள் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். புழு எல்லா இடத்திலும் சமமாகப் பரவியிருக்கவில்லை, சில இடங்களில் கொத்துக்கொத்தாகக் குவிந்திருக்கிறது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது.

பிறகு 2017ல் பெரிய ஆய்வு தொடங்கியது. டீவார்ம்3 என்று பெயர். ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி. இந்தியாவில் ஜவ்வாது மலையும், சமவெளியில் திமிரி வட்டாரமும். திமிரி இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் மக்கள். வீடுவீடாகக் கணக்கெடுத்து, ஒவ்வொரு வீட்டுக்கும் செயற்கைக்கோள் வழியாக இருப்பிடப் புள்ளி குறித்து, 40 தொகுதிகளாகப் பிரித்தார்கள். பாதித் தொகுதிகளில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை. மீதிப் பாதியில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும், வருசத்துக்கு இரண்டு முறை, மூன்று வருசம்.

ஏன் எல்லாருக்கும்? நாடு முழுக்கப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க நாள் என்று 2015 முதல் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். 19 வயதுவரைக்கும்தான். நல்ல காரியம். ஆனால் கொக்கிப்புழு பெரியவர்கள் குடலில்தான் அதிகம் தங்குகிறது. காட்டுக்கும் கழனிக்கும் வெறுங்காலோடு போகிற அப்பன், ஆத்தா வயிற்றில். பிள்ளைக்கு மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் அந்த வீட்டு மண்ணே அதற்குத் திருப்பிக் கொடுத்துவிடும். கர்ப்பிணியின் ரத்தத்தைப் புழு குடித்தால் எடை குறைந்த குழந்தை பிறக்கும். ஒரு பிள்ளைக்கு மண்ணால் வரும் ஆபத்து அது நடக்கப் பழகும் முன்னாலேயே, தாயின் காலில் தொடங்கிவிடுகிறது.

இதே மலையில் காவலூரில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. 1986லிருந்து 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியால் நட்சத்திரங்களைப் பார்க்கிறார்கள். வானத்தைத் துல்லியமாகக் குறித்துவைக்க நமக்குத் தெரிந்து பல வருசம் கழித்துத்தான் அதே மலையின் மண்ணைக் குறித்துவைக்க ஆள் வந்தது.

7

மண்ணில் புழு மட்டுமா இருக்கிறது? பழைய வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தவன் தோல் பதனிடும் ஊர்களைப் பற்றிப் பேசாமல் மண்ணைப் பற்றிப் பேசமுடியாது. திருவண்ணாமலை 1989ல்தான் தனி மாவட்டமானது. அதுவரைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் ஒரே மாவட்டம். ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்திய காலம் போய், 1970களில் ஏற்றுமதிக்காகக் குரோமியம் உப்பு போட்டு வேகமாகப் பதப்படுத்துகிற முறை பெருகியது. 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றமே தன் தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. கெடுத்தவன்தான் காசு கொடுக்கவேண்டும் என்ற நெறி இந்தியச் சட்டத்தில் உறுதியாக நின்றது அந்தத் தீர்ப்பில்தான். 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி மறுபடியும் உத்தரவு போட்டது. நடுவில் 28 வருசம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேலான கழிவுக் குவியலால், 2006ல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் அந்த ஊர் ஏறியது.

இங்கேயும் செருப்புக் கதைதான். தோல் நம் கையில் பதப்படுகிறது. பூட்ஸ் கப்பலேறிப் போகிறது. கழிவு மட்டும் தொழிலாளி குடியிருக்கிற மண்ணில் தங்கிவிடுகிறது. தவழுகிற குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. அதன் உடம்பு எடைக்குப் பெரியவர்களைவிட அதிகமாக அது உள்ளே போகிறது. புழு கால் வழியாக ஏறுகிறது. ரசாயனம் கை வழியாக ஏறுகிறது.

அமெரிக்காவில் ஹோவர்ட் மீல்கே என்ற ஆய்வாளர் பால்டிமோர் நகரத் தோட்ட மண்ணில் ஈயத்தை அளந்து 1983ல் எழுதினார். பிறகு நியூ ஆர்லியன்ஸ் நகரம் முழுக்க மண்ணை அள்ளி வரைபடம் போட்டார். மண்ணில் ஈயம் அதிகமான பகுதிகளும், குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் அதிகமான பகுதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. நகரத்தின் உட்பகுதி. கறுப்பின மக்கள் நெருக்கமாக வாழ்கிற பகுதி. பெட்ரோலில் கலந்த ஈயமும் சுவர்ச் சாயத்தில் கலந்த ஈயமும் அந்தப் பிள்ளைகள் விளையாடுகிற மண்ணில்தான் போய் இறங்கியிருந்தன. நிறவெறி எழுதிய எல்லைக்கோட்டை மண் மறக்காமல் வைத்திருந்தது. நம் மண்ணும் சாதிக்கோட்டை அப்படித்தான் வைத்திருக்கிறது. நாம்தான் இன்னும் அள்ளிப் பார்க்கவில்லை.

8

இனி வரைபடத்தின் ஆபத்தைச் சொல்லவேண்டும். தோழர்கள் சிலர் வரைபடம், புள்ளிவிவரம் என்றாலே விஞ்ஞானம் நமக்காகப் பேசிவிடும் என்று நம்புகிறார்கள். பேசாது. வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது. அதை ஊர்க்காரர் எப்படி வாசிப்பார்? "காலனிக்காரனுக்குப் புழு." "மலைசாதிக்குச் சுத்தம் தெரியாது." முன்னே வாயால் சொன்னதை இப்போது கணினி சொல்லிவிட்டது என்று ஆகிவிடும். குற்றப்பரம்பரை என்று கைரேகை எடுத்து வைத்திருந்த நாடு இது. புள்ளி வைப்பது நம் நாட்டில் சாதாரண காரியமில்லை.

புள்ளியின் அர்த்தம் அதன்கீழே எந்தத் தாளை அடுக்குகிறோம் என்பதில் இருக்கிறது. நோய்த் தாளை மட்டும் வைத்தால் அது மக்களின் அழுக்காகத் தெரியும். அதன்கீழே குழாய்த் தாளை வையுங்கள். தண்ணீர் வசதியுள்ள கக்கூஸ் எது, விறகு அடுக்கிவைத்த கக்கூஸ் எது என்ற தாளை வையுங்கள். 2019 அக்டோபர் 2 அன்று நாட்டின் கிராமங்களில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். அறிவிப்பை ஒரு தாளிலும் தண்ணீரை இன்னொரு தாளிலும் வரைந்தால் இரண்டும் எங்கே பிரிகின்றன என்று தெரியும். ஊர்ச் சாக்கடை எந்தப் பக்கம் சாய்கிறது என்ற தாள். நிலம் யார் பேரில் இருக்கிறது என்ற தாள். பஞ்சாயத்துப் பணம் எந்தத் தெருவோடு நின்றது என்ற தாள். நிரம்பிய மலக்குழியை அள்ள யாரைக் கூப்பிடுகிறார்கள் என்ற தாள். இவற்றை அடுக்கியபிறகு அந்தச் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். அது ஒரு சாதியின் அழுக்கு அல்ல, ஒரு சாதிக்குக் கொடுக்கப்படாதவற்றின் பட்டியல் என்று தெரியும்.

அந்தத் தாள்கள் இல்லாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அது 1916ஆம் வருசத்துத் தேயிலைத் தோட்டம்தான். மருந்து மாறியிருக்கிறது. அல்பெண்டசோல் ஆளைக் கொல்லாது, நல்ல மருந்து, பிள்ளைகளுக்குக் கட்டாயம் கொடுக்கவேண்டும். ஆனால் மண்ணை அப்படியே விட்டுவிட்டு உடம்பை மட்டும் துடைக்கிற மனசு மாறவில்லை.

இந்தச் சாதிக்கோடுகள் பழசாகிவிட்டன என்று சொல்கிறவர்கள் நம் மாவட்டத்துத் தென்முடியனூருக்குப் போகட்டும். 2023 ஜனவரி 30 அன்று, மாவட்ட ஆட்சியரும் போலீஸும் முன்னால் நடந்தபிறகுதான் நம் மக்கள் அங்கே முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைத்தார்கள். 80 வருசத்துக்கு அப்புறம். கோயில் வாசலில் ஒரு கோடு இருந்தால் குழாயடியில் அந்தக் கோடு இருக்காதா? சாக்கடையில் இருக்காதா?

மண் ஒரே நொடியில் கொன்றால் எல்லாரும் வருகிறார்கள். 2024 டிசம்பர் 1 அன்று புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு வ.உ.சி. நகர் வீட்டின்மேல் இறங்கி ஏழு பேரைப் புதைத்தது. அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதன்பிறகு வல்லுநர்கள் மலையேறி மண்ணைச் சோதித்தார்கள். எங்கே ஆபத்து என்று பார்த்தார்கள். வரவேண்டியதுதான். ஆனால் மண் மெதுவாகக் கொன்றால், வருசக்கணக்கில் துளித்துளியாக ரத்தத்தைக் குடித்தால், அதற்கு யார் மலையேறுவார்கள்? அந்தப் பிள்ளை சாவதுகூட இல்லை. எட்டாம் வகுப்போடு நின்று செங்கல் சூளைக்குப் போய்விடுகிறது.

9

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். கணினி வரட்டும், செயற்கைக்கோள் வரட்டும். அதற்காகக் காத்திருக்கவேண்டாம். கிராம வரைபடம் வாங்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள், பாத்தியதை உள்ள கேள்விதான். அந்த வெற்றுக் கட்டத்துக்குள் நீங்கள் வரையுங்கள். வீடு, குழாய், தண்ணீர் வரும் கக்கூஸ், வராத கக்கூஸ், சாக்கடை ஓடும் திசை, அங்கன்வாடி, பிள்ளைகள் கோலி ஆடுகிற இடம், பெண்கள் இருட்டினபிறகு ஒதுங்குகிற இடம். கடைசி இரண்டையும் எந்த அதிகாரியும் வரையமுடியாது. நமக்குத்தான் தெரியும். பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்கள் உங்களைவிடச் சரியாகச் சொல்வார்கள். ஒரு விசயத்தில் கறாராக இருங்கள். எந்த வீட்டில் யாருக்கு நோய் என்று பெயரோ கதவு எண்ணோ அந்தத் தாளில் வரக்கூடாது. அதை ஆசுபத்திரியில் வைத்துக்கொள்ளட்டும். ஊர்முன்னால் நாம் விரிக்கப்போவது இல்லாமையின் வரைபடத்தை.

அதை எடுத்துக்கொண்டு ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போங்கள். தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த மாசத்துக்குள் தண்ணீர் வரும், எந்த மாசத்துக்குள் சாக்கடை மூடப்படும் என்று. எழுத மறுத்தால் மறுத்ததை எழுதச் சொல்லுங்கள். பக்கத்து ஊர் வரைபடத்தையும் உங்களதையும் சேர்த்து ஒட்டுங்கள். பத்து ஊர் ஒட்டினால் அது ஒரு வட்டாரம். ஒரு வட்டாரம் சேர்ந்தால் ஆட்சியர் அலுவலக மேசைமேல் விரிக்கலாம். ஜவ்வாது மலை இளைஞர்களும் சமவெளிச் சேரி இளைஞர்களும் ஒரே தாளில் கோடு போட்டதாக இதுவரைக்கும் நான் கேள்விப்பட்டதில்லை. போடட்டும். காலில் ஏறின மண் இருவருக்கும் ஒன்றுதான்.